37 வயதில் ரோசினி ஏன் ஓபரா எழுதுவதை நிறுத்தினார்?

இசைத்தட்டுக்காரன் (கேள்வி):

வணக்கம். இத்தாலிய ஓபராவைப் பற்றி விவரமறிந்தவர்கள் பலர் இங்கே எழுதுகிறீர்கள் என்பதால், நெடுநாளாக எனக்குள் இருந்துவரும் ஒரு கேள்வியை முன்வைக்கிறேன்.

ஜொவாக்கீனோ ரோசினியின் முதல் ஓபரா 1810இல் வெனிஸில் மேடையேறியபோது அவருக்கு வயது 18. கடைசி ஓபராவான 'வில்லியம் டெல்' 1829 ஆகஸ்ட் 3 அன்று பாரிஸில் மேடையேறியபோது வயது 37. இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் 39 ஓபராக்களை எழுதி, ஐரோப்பா முழுவதும் கொண்டாடப்பட்டவர், அதன்பின் 1868 நவம்பரில் இறக்கும்வரை இன்னொரு 39 ஆண்டுகள் வாழ்ந்தும் ஓர் ஓபராகூட எழுதவில்லை.

இசைத்தட்டு உறைகளிலும் வானொலி அறிமுகங்களிலும் இதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மனிதர் சோம்பேறி, சாப்பாட்டுப் பிரியர், கையில் பணம் சேர்ந்ததும் அடுப்படிப் பக்கம் போய்விட்டார். படுக்கையில் சாய்ந்தபடி எழுதிக்கொண்டிருந்தபோது தாள் கீழே விழுந்துவிட, குனிந்து எடுக்கச் சோம்பல்பட்டு, அதே இடத்துக்கு வேறொரு பாட்டை எழுதிவிட்டார் என்ற கதையையும் கூடவே சொல்வார்கள். 1812 என்ற ஒரே ஆண்டில் ஆறு ஓபராக்கள் மேடையேறிய ஒருவரை எந்தக் கணக்கில் சோம்பேறி என்பது? குனிவதைவிடப் புதிதாக ஒரு பாட்டு எழுதுவது அவருக்குச் சுலபமாக இருந்தது என்றல்லவா அந்தக் கதையே சொல்கிறது?

வேறு காரணங்களும் என் காதில் விழுந்திருக்கின்றன. ஓபரா இசையமைப்பாளர் மெயர்பீரின் வெற்றியைக் கண்டு பொறாமைப்பட்டு ஒதுங்கினார் என்கிறார்கள், நோய் என்கிறார்கள், 1830ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சி என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்களே தவிர, எது எவ்வளவு தூரம் உண்மை என்று எடைபோட்டுச் சொல்பவரைக் காணோம். ஆதாரத்தோடு பேசக்கூடியது இவற்றுள் எது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மேல்மாடி இருக்கை:

நல்ல கேள்வி. ஆனால் 1829இல் கத்தியால் வெட்டியதுபோல எல்லாம் நின்றது என்று வைத்துக்கொள்வதால்தான் ஒற்றைக் காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. மேடையேறிய ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் படம் வேறு மாதிரித் தெரியும். 1810 முதல் 1823 பிப்ரவரியில் வெனிஸில் மேடையேறிய 'செமிராமிடே' வரை, பதின்மூன்று ஆண்டுகளில் 34 ஓபராக்கள். அதன்பின் பாரிஸில் கழிந்த காலத்தில் மொத்தம் ஐந்தே ஐந்து. அந்த ஐந்திலும் 'கொரிந்து முற்றுகை' என்பது 1820இல் நேப்பிள்ஸுக்காக எழுதிய 'இரண்டாம் மஹொமெத்'தின் மறு ஆக்கம். 'மோசேயும் பார்வோனும்' என்பது 1818இல் எழுதிய 'எகிப்தில் மோசே'யின் மறு ஆக்கம். 'ஓரி பிரபு'வின் கணிசமான பகுதி, 1825இல் பத்தாம் சார்லஸின் முடிசூட்டு விழாவை ஒட்டி எழுதிய 'ரீம்ஸ் பயண'த்திலிருந்து எடுத்தது. ஆக முழுக்கப் புதிதாக எழுதியவை 'ரீம்ஸ் பயணம்', 'வில்லியம் டெல்' ஆகிய இரண்டுதான். ஓட்டம் 1829இல் நிற்கவில்லை, 1823லேயே நடையாகிவிட்டது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு அக்கால இத்தாலிய அரங்குகள் இயங்கிய முறையைப் பார்க்க வேண்டும். அரங்கை நடத்துபவர் ஒரு பருவத்துக்கான ஒப்பந்தத்தைப் போடுவார். இசையமைப்பாளர் ஊருக்கு வந்து, அங்கே கிடைக்கிற பாடகர்களின் குரலுக்கு ஏற்ப எழுதி, ஒத்திகை நடத்தி, முதல் மூன்று இரவுகள் இசைக்கருவியின் முன் அமர்ந்து நிகழ்ச்சியை நடத்திவிட்டு, மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். அதன்பின் அந்த ஓபரா நூறு ஊர்களில் நடந்தாலும் அவருக்குக் காசு வராது. 'செவில் நகர நாவித'னுக்கான ஒப்பந்தம் 1815 டிசம்பர் கடைசியில் ரோமில் போடப்பட்டது. மேடையேறியது 1816 பிப்ரவரி 20. இசையை எழுதியது மூன்று வாரத்துக்கும் குறைவான காலத்தில். அதற்கு ரோசினி பெற்றது 400 ஸ்கூதி (அன்றைய ரோம் நாணயம்). அதில் பிரபுவாக நடித்த டெனர் (உச்ச ஸ்தாயி ஆண் குரல்) பாடகர் மானுவேல் கார்சியா பெற்றது 1,200 ஸ்கூதி. எழுதியவரைவிடப் பாடியவருக்கு மூன்று மடங்கு! இந்தச் சுழலில் ஒருவர் வேகமாக எழுதியதற்குக் காரணம் உற்சாகம் மட்டுமன்று, வேறு வழி இல்லை என்பதும்தான். முன்பு எழுதிய இசையையே திரும்பப் பயன்படுத்தியதும் அதனால்தான். 'நாவித'னின் புகழ்பெற்ற தொடக்க இசை அதற்கு முன்பே இரண்டு ஓபராக்களுக்கு உழைத்துவிட்டு வந்த ஒன்று.

பாரிஸ் இந்தச் சுழலிலிருந்து விடுதலை கொடுத்தது. 'வில்லியம் டெல்' ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோதே ரோசினி கடுமையாகப் பேரம் பேசினார். ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் எஞ்சிய பகுதியைத் தர மாட்டேன் என்கிற அளவுக்குப் போனார். கடைசியில் கிடைத்த ஒப்பந்தம் இதுதான்: பத்து ஆண்டுகளில் ஐந்து ஓபராக்கள், ஒவ்வொன்றுக்கும் 15,000 பிராங்க், இவற்றோடு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 6,000 பிராங்க் உதவித்தொகை. ஓய்வுபெறத் தீர்மானித்தவர் போடுகிற ஒப்பந்தமா இது? இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்று என்று நிதானமாக எழுத விரும்பியவர் போடுகிற ஒப்பந்தம். அடுத்த ஓபராவுக்குக் கதை கேட்டு இத்தாலியின் போலோஞ்யா நகரில் காத்திருந்தார் என்பதும், கதேயின் 'ஃபாஸ்ட்' அப்போது அவர் எண்ணத்தில் இருந்தது என்பதும் தெரிந்த செய்திகள்.

1830 ஜூலையில் பாரிஸில் புரட்சி வெடித்து, பத்தாம் சார்லஸ் முடியைத் துறந்து நாட்டைவிட்டே போனார். பழைய அரசர் காலத்து ஒப்பந்தத்தைப் புதிய அரசு ஏற்கவில்லை. ரோசினி அந்த நவம்பரிலேயே பாரிஸுக்குத் திரும்பினார். சில வாரங்களில் முடியும் என்று நினைத்த வழக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இழுத்தது. உதவித்தொகையை மட்டும் மீட்டார். ஐந்து ஓபராக்களுக்கான ஏற்பாடு போனது போனதுதான். இதற்கிடையே அரச குடும்பத்தின் மேற்பார்வையில் இருந்த பாரிஸ் ஓபரா, 1831இல் லூயி வெரோன் என்பவரிடம் லாப நட்டம் அவர் பொறுப்பு என்ற முறையில் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மெயர்பீரின் 'ராபர்ட் என்னும் பிசாசு' மேடையேறி வசூலைக் குவித்தது. 'வில்லியம் டெல்'லின் நிலையோ பரிதாபம். நான்கு மணி நேர ஓபராவை வெட்டி வெட்டிச் சுருக்கி, சில இரவுகளில் இரண்டாம் அங்கத்தை மட்டும் போட்டார்கள். 'இன்று உங்கள் டெல்லின் இரண்டாம் அங்கம் நடக்கிறது' என்று இயக்குநர் சொல்ல, 'அடேயப்பா, முழு அங்கமுமா?' என்று ரோசினி கேட்டதாக ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, நிலைமை அதுதான்.

பொறாமைக் காரணத்தை மட்டும் தயங்காமல் தள்ளிவிடலாம். மெயர்பீரும் ரோசினியும் இளமையிலிருந்தே நண்பர்கள். வழக்கு நடந்த ஆண்டுகளில் பாரிஸின் இத்தாலிய அரங்குக்கு வழிகாட்டியவர் என்ற முறையில், இத்தாலிய இசையமைப்பாளர்களான பெல்லீனிக்கும் தோனிஸெத்திக்கும் அங்கே வாய்ப்பு வாங்கித் தந்தவரும் ரோசினிதான். 1835இல் பெல்லீனியின் 'பியூரிட்டன்கள்' அப்படித்தான் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பெல்லீனி 33 வயதில் இறந்தபோது, இறுதிச் சடங்கு ஏற்பாடுகளை முன்னின்று செய்தவரும் அவரே. போட்டியாளர்களைக் கண்டு புழுங்குகிறவர் நடந்துகொள்கிற விதம் இதுவன்று.


குறிப்பேடு:

மேல்மாடி இருக்கை அவர்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒப்பந்தம் முறிந்ததால் ஒருவர் ஐந்தாண்டு சும்மா இருக்கலாம். நாற்பது ஆண்டு இருப்பாரா? வழக்கு முடிந்தபோது ரோசினிக்கு வயது 43தான். மிலானும் நேப்பிள்ஸும் வெனிஸும் அவர் ஒரு சொல் சொன்னால் வாசலைத் திறந்துவைத்திருக்கும். அந்த இடைவெளியை நிரப்புவது நோய்.

இதைப் பழைய வாழ்க்கை வரலாறுகள் பூசிமெழுகிவிட்டன. இளமையில் தொற்றிய பால்வினை நோய் அவரது சிறுநீர்ப் பாதையை நிரந்தரமாகப் பாதித்தது. அதற்கு அன்றைய மருத்துவர்கள் செய்த சிகிச்சையோ நோயைவிடக் கொடுமையானது. 1842இல் போலோஞ்யா மருத்துவர் எழுதிய விரிவான அறிக்கையோடு, அதற்கடுத்த ஆண்டு பாரிஸ் சென்று, சிறுநீரக நோய்களில் பெயர்பெற்ற ழான் சிவியால் என்பவரிடம் மாதக்கணக்கில் சிகிச்சை பெற்றார். உடல் வலியோடு மனச்சோர்வும் சேர்ந்தது. 1827இல் தாய் இறந்தது அவரை வெகுவாகப் பாதித்திருந்தது. 1839இல் தந்தையும் போனார். 1848 ஏப்ரலில் போலோஞ்யாவில் அவரது வீட்டு வாசலில் கூடிய புரட்சிக் கூட்டம், நாட்டுக்கு உதவாத பணக்காரன் என்று கத்தியபோது, மறுநாளே ஊரைவிட்டு ஃபுளோரன்ஸுக்குப் போய்விட்டார். அங்கே கழிந்த ஆண்டுகள்தாம் வாழ்க்கையிலேயே மிக மோசமானவை: தூக்கமில்லை, உணவில் ருசியில்லை, உயிரை விட்டுவிடலாமா என்கிற எண்ணம். உணவுப் பிரியர் என்று உலகம் சிரித்துக்கொண்டிருந்தவரின் நிலை இது.

இந்தக் காலம் முழுவதும் அவரைத் தாங்கியவர் ஒலாம்ப் பெலிஸியே. முதல் மனைவி, பாடகி இஸபெல்லா கோல்பிரானிடமிருந்து ரோசினி 1837இல் பிரிந்தார். 1845இல் அவர் இறந்த பிறகு, 1846இல் ஒலாம்பை மணந்தார். பாரிஸ் மருத்துவர்களை நம்பி 1855இல் அவரை மீண்டும் பாரிஸுக்கு அழைத்துச் சென்றவர் ஒலாம்ப்தான். இரயில் இருந்தும் குதிரை வண்டியிலேயே போனார்கள். பயணம் ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. 1836இல் பெல்ஜியத்தில் ஒருமுறை இரயிலில் ஏறி நடுங்கிப்போனவர், பிறகு வாழ்நாளில் அதன் பக்கம் போகவில்லை. (பிற்காலத்தில் இரயில் விபத்தையும் அதில் செத்தவரின் இறுதி ஊர்வலத்தையும் பியானோவில் கேலியாக எழுதிப் பழிதீர்த்துக்கொண்டார் என்பது வேறு கதை.)

இசைத்தட்டுக்காரன் ஆதாரம் கேட்டிருந்தார். நான் காட்டக்கூடிய சிறந்த ஆதாரம் ஒரு சிறிய இசைக் கையெழுத்துப் படிதான். பாரிஸில் உடல் தேறிய பிறகு, 1857 ஏப்ரல் 15 அன்று ஒலாம்பின் பெயர்த் திருநாளுக்கு ரோசினி ஒரு பரிசு தந்தார்: பியானோவுக்கு ஒரு முன்னுரைத் துண்டும், வெவ்வேறு குரல்களுக்கு ஆறு பாடல்களும். தாங்க முடியாத நீண்ட நோய்க்காலத்தில் அன்போடும் அறிவோடும் கவனித்துக்கொண்டதற்கு நன்றி என்று அதன் முகப்பில் எழுதியிருந்தார். ஆறு பாடல்களுக்கும் சொல் ஒன்றேதான். பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் மெத்தாஸ்தாஸியோவின் வரிகள்: என் கசப்பான விதியை நினைத்து, வாய் திறக்காமல் வருந்துவேன். இந்த ஒரே கவிதையை அவர் தம் வாழ்நாளில் எத்தனையோ முறை, புதுப் புது மெட்டில், அன்பளிப்பாகக் கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பாட்டெழுதுவதை விட்டுவிட்டவர் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அவர் கைக்கு வந்தது வாய் திறக்காமல் வருந்தும் பாட்டு.


இசைத்தட்டுக்காரன்:

இருவருக்கும் மிக்க நன்றி. வழக்கு, நோய் என்ற இரண்டையும் சேர்த்தால் 1855 வரைக்கும் ஓரளவு விளக்கம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதன்பின்? 1857இல் உடல் தேறிவிட்டது; பணத்துக்குக் குறைவில்லை; பாரிஸே அவர் வீட்டுச் சனிக்கிழமை மாலைகளுக்கு அழைப்பு வருமா என்று காத்திருக்கிறது; பியானோத் துண்டுகளும் பாடல்களுமாக நூற்றைம்பதுக்கு மேல் எழுதித் தள்ளுகிறார். அப்போதும் ஓபரா மட்டும் வேண்டாம் என்றால், அதற்கு இன்னொரு காரணம் இருக்கத்தானே வேண்டும்?


குரல்வழி:

இருக்கிறது. குரல் பயிற்சி பெற்றவள் என்ற முறையில் அதைப் பாடகர்கள் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன். ரோசினி பழகிய பாடும் முறை, அவர் கண்ணெதிரிலேயே மேடையைவிட்டுப் போய்விட்டது.

அவர் எழுதிய இசையின் உயிர் அலங்காரச் சங்கதிகளில் இருக்கிறது. வேகமான ஸ்வர ஓட்டங்களை ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கும்படி, குரலை அழுத்தாமல், மூச்சின் மேல் மிதக்கவிட்டுப் பாட வேண்டும். தந்தை கொம்பூதியவர், தாய் மேடைப் பாடகி; ரோசினியே சிறுவயதில் போலோஞ்யாவில் நன்றாகப் பாடியவர். நேப்பிள்ஸில் கோல்பிரான், அந்திரேயா நொட்ஸாரி, ஜொவான்னி தவீத் முதலியோருக்கு எழுதும்போது, யாருடைய குரலில் எந்த ஸ்வரம் எப்படி ஒலிக்கும் என்று அளந்து எழுதினார். அன்றைய டெனர்கள் மேல் ஸ்தாயி ஸ்வரங்களை முழு நெஞ்சுக் குரலில் கத்திப் பிடிக்க மாட்டார்கள். தலைக்குரலைக் கலந்து, மென்மையாகவும் ஒளியோடும் எடுப்பார்கள். 'வில்லியம் டெல்'லில் ஆர்னோல்டு பாத்திரத்துக்கு அவர் எழுதிய மேல் 'சி' (டெனர் குரலின் உச்சத்தை ஒட்டிய) ஸ்வரங்கள் எல்லாம் இந்த முறையை மனத்தில் வைத்து எழுதியவை. அந்தப் பாத்திரத்தை முதலில் பாடிய அடோல்ஃப் நூரி அப்படித்தான் பாடினார்.

பிறகு ஜில்பேர் டுப்ரே என்ற பிரெஞ்சு டெனர் வந்தார். 1831இல் இத்தாலியின் லூக்கா நகரில் இதே பாத்திரத்தைப் பாடியபோது அந்த மேல் 'சி'யை நெஞ்சுக் குரலிலேயே எடுத்தார். 1837 ஏப்ரலில் பாரிஸிலும் அதைச் செய்தபோது அரங்கம் அதிர்ந்தது. ரோசினிக்கு அது பிடிக்கவில்லை. டுப்ரே தம் வீட்டில் அந்த ஸ்வரத்தைப் பாடிக் காட்டியபோது, அலமாரியிலிருந்த வெனிஸ் கண்ணாடிப் பொருள்கள் உடைந்தனவா என்று திரும்பிப் பார்த்தாராம். கழுத்தறுபடும் சேவலின் கூவல் என்று அதை வருணித்தாராம். ஆனால் கூட்டத்துக்கு அந்தக் கூவல்தான் வேண்டியிருந்தது. 'வில்லியம் டெல்' மறுபடி பெரிய வசூல் ஓபரா ஆனதே டுப்ரேயால்தான் என்பது ரோசினிக்குக் கசந்திருக்க வேண்டும்: தாம் எழுதாத ஒலிக்காகத் தம் ஓபரா கொண்டாடப்படுகிறது.

இதில் நொறுங்கிப்போனவர் நூரி. டுப்ரேயும் தமக்கு இணையாக நியமிக்கப்படுகிறார் என்று தெரிந்ததும் பதவியைத் துறந்து, 1837 ஏப்ரல் முதல் நாள் பாரிஸ் மேடைக்கு விடைகொடுத்தார். பிறகு நேப்பிள்ஸுக்குப் போய், தோனிஸெத்தியிடம் இத்தாலிய முறையை முதலிலிருந்து கற்கத் தொடங்கினார். அவருக்கென்று தோனிஸெத்தி எழுதிய 'பொலியூத்தோ'வை 1838இல் தணிக்கை தடை செய்தது. புதுமுறை பழகப் பழகத் தம் பழைய தலைக்குரலின் மென்மையும் கைவிட்டுப் போவதை உணர்ந்தார். 1839 மார்ச் 8 அன்று விடியலில், தங்கியிருந்த வீட்டின் மேல்மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டார். உடலைப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லும் வழியில் மார்செய் நகரில் நடந்த வழிபாட்டில், அப்போது அவ்வூரிலிருந்த இசையமைப்பாளர் ஷோப்பேன், பழுதுபட்ட ஓர் ஆர்கனில் ஷூபர்ட்டின் பாடல் ஒன்றை நண்பருக்காக வாசித்தார். நூரியை நன்கு அறிந்த ரோசினி இந்தச் செய்தியைக் கேட்டு எப்படியிருந்திருப்பார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆக 1857இல் உடல் தேறி எழுந்தவர் ஓபரா எழுத வேண்டுமென்றால் யாருக்காக எழுதுவது? அவருடைய முறையில் எழுதினால் பாட ஆள் குறைவு. புதிய முறையில் எழுத அவருக்கு மனமில்லை. அடுத்த தலைமுறை இசையமைப்பாளர் வெர்டியின் பாத்திரங்களுக்கு வேண்டிய கனத்த குரல்கள் அரங்கை நிறைத்திருந்த காலம் அது. தம் வீட்டுக் கூடத்தில், தாமே தேர்ந்தெடுத்த பாடகர்கள், தாமே பியானோவில் என்று எழுதிக்கொண்டது இதனால்தான் என்று நான் கருதுகிறேன். அந்தக் கூடத்தில் குரலை யாரும் கத்தி நிரூபிக்க வேண்டியதில்லை.


மேல்மாடி இருக்கை:

குரல்வழி அம்மையாரின் விளக்கத்தை முழு மனத்தோடு ஏற்கிறேன். அதற்கு வலுவாக ரோசினியின் சொந்த வாய்மொழியையே பலர் காட்டுவார்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 1860 மார்ச்சில் ஜெர்மானிய ஓபரா இசையமைப்பாளர் வாக்னர் ரோசினியை அவர் வீட்டில் சந்தித்தார். உடனிருந்த எட்மோன் மிஷோத் அந்த உரையாடலை எழுதிவைத்திருக்கிறார். ஏன் நிறுத்தினீர்கள் என்ற வாக்னரின் கேள்விக்கு, எனக்குப் பிள்ளைகள் இல்லை, இருந்திருந்தால் உழைத்திருப்பேன் என்றும், இத்தாலிய அரங்குகளும் பாட்டுக்கலையும் சீரழிந்துவிட்டன என்றும் ரோசினி பதிலளித்ததாக அதில் வருகிறது. மேற்கோள் காட்ட மிக வசதியான பகுதி. ஆனால் மிஷோத் அதை அச்சிட்டது 1906இல். பேசிய இருவரும் இறந்து பல்லாண்டு கழிந்த பிறகு. கண்ணாடிப் பொருள்கள் பற்றிய நிகழ்ச்சியும் அவர் வழியாக வருவதுதான். சாரம் உண்மையாக இருக்கலாம். வரிக்கு வரி நம்பக் கூடாது.

அதைவிட 1866 ஜனவரியில் தம் பழைய நண்பரும் இசையமைப்பாளருமான ஜொவான்னி பச்சீனிக்கு ரோசினி தம் கையால் எழுதிய கடிதத்தை நான் நம்புவேன். இலட்சியமும் உணர்ச்சியும் மட்டுமே அடிப்படையான இந்தக் கலை, காலத்தின் செல்வாக்கிலிருந்து தப்ப முடியாது. இன்றைய காலத்தின் இலட்சியமோ நீராவி, கொள்ளை, தெருத் தடுப்பரண் என்ற மூன்றுதான் என்கிறார் அதில். நீராவியில் இரயில் பயணம் இருக்கிறது. தடுப்பரணில் 1830ஆம் ஆண்டுப் பாரிஸும் 1848ஆம் ஆண்டுப் போலோஞ்யாவும் இருக்கின்றன. நாம் இங்கே தனித்தனியாகப் பேசிய காரணங்களில் நோயைத் தவிர ஏறத்தாழ எல்லாவற்றையும் அவரே ஒரு வரியில் அடக்கிவிட்டார். அதே கடிதத்தில், இத்தாலிய வாழ்க்கையை 1822லேயே முடித்துக்கொண்டதாகவும் பிரெஞ்சு வாழ்க்கையை 1829இல் முடித்துக்கொண்டதாகவும் பிரித்துச் சொல்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு வாழ்க்கைகள், இரண்டு முடிவுகள் என்றே அவர் கணக்கு வைத்திருந்தார்.

சோம்பேறிக் கதை ஏன் இவ்வளவு காலம் நிலைத்தது என்பதற்கும் ஒரு விடை உண்டு. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உலகம் அவரை 'நாவித'னின் ஆசிரியராக மட்டுமே அறிந்திருந்தது. நேப்பிள்ஸில் எழுதிய கனமான ஓபராக்கள் பாடப்படவே இல்லை. 1980இல் அவர் பிறந்த ஊரான பெஸாரோவில் ரோசினி விழா தொடங்கி, சரிபார்த்த பதிப்புகளைக் கொண்டு ஒவ்வொன்றாக மேடையேற்றிய பிறகுதான் நிலைமை மாறியது. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட 'ரீம்ஸ் பயணம்' 1984இல் கிளவுதியோ அப்பாதோ நடத்த அங்கேதான் மறுபடி ஒலித்தது. பெஸாரோவின் இசைப்பள்ளியே ரோசினி தம் ஊருக்கு எழுதிவைத்த சொத்திலிருந்து எழுந்தது. சிரிப்பூட்டும் ஓபராக்களை மட்டும் அறிந்தவர்கள், எழுதியவரையும் சிரிப்பூட்டுகிறவராகவே கற்பனை செய்துகொண்டார்கள்.


இசைத்தட்டுக்காரன்:

கேட்டதற்கு மேலாகவே கிடைத்துவிட்டது, அனைவருக்கும் நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள். ஓபராக்கள் என்னிடம் இருக்கின்றன; நிறுத்திய பிறகு எழுதியவற்றுள் எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?


குறிப்பேடு:

இரண்டு பெரிய படைப்புகள் இருக்கின்றன. 'ஸ்தாபாத் மாத்தேர்' (சிலுவையடியில் நிற்கும் மரியாளைப் பற்றிய இலத்தீன் பாடல்) 1831இல் மத்ரிதில் ஒரு பாதிரியாரின் வேண்டுகோளுக்காகத் தொடங்கியது. பாதி எழுதிவிட்டு முதுகுவலியால் மீதியை நண்பர் தாதொலீனியிடம் ஒப்படைத்தார்; பிறகு கையெழுத்துப் படி வேறொரு பதிப்பாளரிடம் போய்ச் சேர, தம் பெயரில் அடுத்தவர் இசை அச்சாவதைத் தடுப்பதற்காகவே 1841இல் எல்லாவற்றையும் தாமே எழுதி முடித்தார். 1842இல் பாரிஸிலும், அடுத்துத் தோனிஸெத்தி நடத்தப் போலோஞ்யாவிலும் பெருவெற்றி பெற்றது. ஓபரா ரசிகருக்கு இது உடனே பிடித்துவிடும்.

ஆனால் நான் 'சிறிய திருப்பலி'யைத்தான் முதலில் சொல்வேன். 1864 மார்ச் 14 அன்று பாரிஸில் ஒரு பிரபு குடும்பத்தின் புதிய மாளிகையில் முதன்முதலாகப் பாடப்பட்டது. பன்னிரண்டு பாடகர்கள், இரண்டு பியானோ, ஒரு ஹார்மோனியம், அவ்வளவுதான். பெயரில் மட்டுமே சிறியது, ஒன்றரை மணி நேரம் நீளும். தொடக்கத்திலேயே பியானோவின் இடக்கை தத்தித் தத்தி ஒரு தாளத்தைப் பிடிக்கும். அதன்மேல் குரல்கள் மெல்ல வந்து அமரும். அந்தப் பியானோ விட்டுவிட்டு ஒலிப்பதற்கும் குரல்கள் இழைந்து ஒலிப்பதற்கும் இடையிலான வேறுபாட்டில்தான் அந்தப் பகுதியின் அழகே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் கடவுளுக்கு ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார். நகைச்சுவை ஓபராவுக்கென்று பிறந்தவன் நான் என்பது உமக்கே தெரியும் என்கிறது அது.

முழு இசைக்குழுவோடு பாடிய பதிவுகளும் கிடைக்கும். 1867இல் ரோசினியே எழுதிய வடிவம்தான். ஆனால் அவர் அதை எழுதியது ஆசைப்பட்டு அன்று. தாம் இறந்த பிறகு சாக்ஸ் தம் சாக்ஸபோன்களோடும் பெர்லியோஸ் தம் பெரும் இசைக்குழுவோடும் வந்து, இந்தச் சில குரல்களைக் கொன்று தம்மையும் சேர்த்துக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, முந்திக்கொண்டு எழுதிவைத்தார். எழுதியதைத் தம் வாழ்நாளில் பாட அனுமதிக்கவும் இல்லை. அது ஒலித்தது அவர் இறந்த மறு ஆண்டு, 1869 பிப்ரவரியில். ஆகவே கடையில் எடுக்கும்போது உறையைத் திருப்பி, இரண்டு பியானோ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.